எந்தத் தாளைக் காட்டச் சொல்கிறார்கள்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



உலக நாடுகளில் சமூகப் பாதுகாப்பும் தொழிலாளர் நலத் திட்டங்களும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ஒரு மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றிவரப் பார்த்தால் கடைசியில் ஒரு பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முதுமையிலோ நோயிலோ ஏதோ ஓர் ஆதரவு கிடைக்கிறது. இன்னொரு நாட்டில் பத்துக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. ஏன்?

பணம் இருப்பதும் இல்லாததும்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதில் பொய் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஏதேனும் ஒரு பணப்பயனாவது எட்டியிருப்பவர்கள் உலக மக்கள்தொகையில் 52.4 சதவீதம். பணக்கார நாடுகளில் இது 85.9 சதவீதம், மிக ஏழை நாடுகளில் 9.7 சதவீதம். மருத்துவம் நீங்கலாகச் சமூகப் பாதுகாப்புக்குச் செலவிடும் தொகை பணக்கார நாடுகளில் தேசிய உற்பத்தியில் 16.2 சதவீதம், ஏழை நாடுகளில் 0.8 சதவீதம். மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால், லெசோத்தோ என்ற சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடு 2004இல் தன் சொந்த நிதியிலேயே 70 வயதான எல்லோருக்கும் ஓய்வூதியம் தரத் தொடங்கியதை எப்படி விளக்குவது? உலகின் பெரும் பணக்கார நாடான அமெரிக்கா 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் வெளியே நிறுத்தியதை எப்படி விளக்குவது?

நான் முன்வைக்கும் விடை இது. ஒருவர் ஆதரவுக்கு உரியவர்தான் என்று ஏற்க, அரசு அவரிடம் எந்தத் தாளைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு எவ்வளவு பேரை எட்டும் என்பது அமைகிறது. உலகம் முழுக்கப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று தாள்கள். சம்பளச் சீட்டு, ஏழைப் பட்டியலில் பெயர், வயதுச் சான்று. எந்த நாடு எதை முதன்மையாகக் கேட்கிறது என்று தெரிந்தால், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைப் புள்ளிவிவரம் வருவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம்.

1. சதவீதம் யாரை எண்ணுகிறது

முதலில் அந்தச் சதவீதத்தின் மீதே கொஞ்சம் சந்தேகம் வேண்டும்.

உலக வங்கி வீடுவீடாக எடுக்கும் ஆய்வுகளைக் கொண்டு கணக்கிடுகிறது. சமூகக் காப்பீடு, சமூக உதவி, தொழிலாளர் சந்தைத் திட்டங்கள் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வீட்டில் ஒருவருக்குப் பயன் வந்தாலும் அந்த வீட்டார் அத்தனை பேரையும் பயன் பெற்றவர்களாகச் சேர்க்கிறது. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வந்தால் பேரனும் கணக்கில் வந்துவிடுவான். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனாலும் கூட்டுக்குடும்பம் மிகுந்த நாட்டின் சதவீதம் இதனாலேயே உயர்ந்து தெரியும். ஐ.எல்.ஓ. ஆளை எண்ணுகிறது, பெரும்பாலும் அரசுப் பதிவேடுகளை நம்புகிறது. ஒரு நாட்டுக்கு ஒருவர் கணக்கையும் மறு நாட்டுக்கு மற்றவர் கணக்கையும் வைத்து ஒப்பிடுகிற கட்டுரைகளை இன்றும் பார்க்கிறேன். மாணவர்கள் அதைச் செய்ய வேண்டாம்.

நம் நாட்டையே பாருங்கள். 2015இல் 19 சதவீதமாக இருந்த இந்தியாவின் பாதுகாப்புப் பரப்பு 2025இல் 64.3 சதவீதமாகிவிட்டது, 94 கோடிப் பேர் பயன்பெறுகிறார்கள் என்று ஒன்றிய அரசு ஐ.எல்.ஓ. தரவை மேற்கோள் காட்டி அறிவித்தது. இடையில் புதிய திட்டங்கள் வந்தன, உண்மைதான். ஆனால் பல திட்டங்களின் பயனாளிப் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து எண்ணும் பணி 2025இல்தான் நடந்தது. சட்டப் பின்புலம் உள்ள, ரொக்கமாகத் தரப்படும், மூன்றாண்டுத் தரவு சரிபார்க்கப்பட்ட திட்டங்களே அதில் இடம்பெற்றன. முதல் கட்டத்தில் ஒன்றியத் திட்டங்களும், எட்டு மாநிலங்களின் மகளிர் திட்டங்களும் மட்டுமே. ஆக, ஏற்றத்தில் ஒரு பகுதி புதிதாகக் கிடைத்த பாதுகாப்பு; இன்னொரு பகுதி ஏற்கெனவே கிடைத்துவந்ததைப் புதிதாக எண்ணியது. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் பெருமைப்படுவதும் தவறு, பொய்க்கணக்கு என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் தவறு. நம் வீட்டுக்கு வரும் ரேஷன் அரிசி, ரொக்கம் இல்லை என்பதால், இந்தக் கணக்கில் வரவே வராது.

2. சம்பளச் சீட்டு

மூன்றில் பழையது இதுதான். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமைக்கும் உடல் ஊனத்துக்குமான காப்பீடு என்று சட்டங்கள் வந்தன. விபத்துக் காப்பீடு நீங்கலாக, தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு. தொழிற்சாலைக் கதவுக்குள் வேலை செய்பவர்கள் பெருகப் பெருகப் பாதுகாப்பும் தானே விரிந்தது. ஐரோப்பாவில் இது நன்றாக நடந்ததற்குக் காரணம், அங்கே பெரும்பாலோர் கைக்குச் சம்பளச் சீட்டு வந்து சேர்ந்ததுதான்.

அமெரிக்காவில் 1935இல் வெளியே நின்றவர்களைச் சொன்னேன். தென்மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளர்கள் மிகுதியாக இருந்தது அந்த இரண்டு வேலைகளில்தான். 1950லும் 1954லும் கொண்டுவந்த திருத்தங்கள்தான் அவர்களை உள்ளே அழைத்தன. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொழிலைச் சொன்னாலே போதுமாக இருந்தது.

ஐரோப்பாவின் இந்த ஏற்பாடு நம் பக்கமும் வந்தது. மலேயாவில் 1951இலும் இலங்கையில் 1958இலும் ஊழியர் சேமலாப நிதிகள் பிறந்தன. இந்தியாவில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம், 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனியுங்கள். இந்தியாவில் வைப்பு நிதி (பி.எஃப்.) பிடிக்கப் பொதுவாக 20 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். இலங்கையில் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் முதலாளி நிதி கட்ட வேண்டும். வீட்டு வேலை போன்ற சில விலக்குகள் மட்டுமே. நம்மூரில் 19 பேரோடு நின்றுவிடும் பட்டறைகள் இத்தனை இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அதே சமயம், இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளி ஓய்வுபெறும்போது பெறுவது மாதாமாதம் வரும் ஓய்வூதியம் இல்லை, ஒரு மொத்தத் தொகை. மகள் திருமணமும் வீட்டுக் கடனும் எடுத்துக்கொண்ட பிறகு முதுமைக்கு மிஞ்சுவது சொற்பம். புள்ளிவிவரத்தில் அவர் பாதுகாப்புப் பெற்றவர்தான்.

உலகில் வேலை செய்வோரில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 200 கோடிப் பேர், முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிடம் சம்பளச் சீட்டு கேட்டால் எங்கே போவார்கள்? அந்தத் தாளுக்கு ஒரு மாற்று தேடிய நாடுகள் உண்டு. உருகுவேயில் தெருவோர வியாபாரிகளும் சிறு கடைக்காரர்களும் வரியையும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவையும் ஒரே சிறு தொகையாகக் கட்டிவிட்டு ஓய்வூதிய அமைப்புக்குள் வந்துவிடலாம்.

நம் பங்கும் குறைந்ததில்லை. கேரளம் 1969இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றி, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைத்தது. கட்டுமான வாரியங்களின் புத்திசாலித்தனம் எதில் இருக்கிறது தெரியுமா? கொத்தனாருக்கு இன்று ஒரு மேஸ்திரி, நாளை வேறொருவர். யாரிடம் பங்கு வசூலிப்பது? வேலை கொடுப்பவரைத் தேடுவதை விட்டுவிட்டு, கட்டடச் செலவில் 1 சதவீதத்தை வரியாகப் பிடிக்கிறார்கள். ஆள் ஓடலாம், கட்டடம் ஓடாது. நலவாரிய அட்டைதான் அங்கே சம்பளச் சீட்டுக்கு ஈடு. அட்டையைப் புதுப்பிக்க எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது என்பதை இங்கிருக்கும் தொழிற்சங்கத் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

3. ஏழைப் பட்டியல்

பிரேசில் 2001இல் வறிய குடும்பங்களுக்கான ஒரே பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. 2003இல் அதிபர் லூலாவின் அரசு சிதறிக் கிடந்த உதவித் திட்டங்களை இணைத்து 'போல்சா ஃபமிலியா' என்ற குடும்ப உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. குழந்தைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். பணம் பெரும்பாலும் தாயின் பெயரில் வரும். இடையில் வேறொரு அரசு பெயரை மாற்றியது. 2023இல் பழைய பெயரே திரும்பியது. அந்த ஆண்டு சுமார் 2.1 கோடிக் குடும்பங்கள் பெற்றன.

இது எடுபட்டதற்குப் பள்ளி நிபந்தனையைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். நான் பதிவேட்டைச் சொல்வேன். வருமானத்தைக் குடும்பமே சொல்லி நகராட்சியில் பதியலாம். ஆண்டு முழுவதும் பதிவு திறந்திருக்கும். வேலை போனவர் அடுத்த மாதமே வரிசையில் நிற்கலாம். பட்டியல் மூடியே கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சாட்சி. இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு ரேஷன் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. பிறகு பிறந்த குழந்தைகள் கோடிக்கணக்கில். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்போ அந்த ஆண்டில் நடக்கவில்லை.

இலங்கையில் 1995இலிருந்து சமுர்த்தி என்ற வறியோர் உதவித் திட்டம் இருந்தது. வேண்டியவர்களுக்குப் போகிறது, தேவைப்பட்டவர்களுக்குப் போகவில்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2023இல் புள்ளிகள் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அஸ்வெசும என்ற திட்டம் வந்தது. வீட்டின் சுவர், சொத்து, வருமானம் என்று அளவுகோல்கள் வைத்தார்கள். முதல் பட்டியல் வந்ததும் மேல்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அதிகாரிகளின் அலட்சியம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஏழை நாட்டில் பட்டியலுக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் இடையே வாழ்க்கையில் பெரிய இடைவெளி இல்லை. அந்த இடத்தில் எங்கே கோடு போட்டாலும் தவறாகத்தான் விழும்.

தமிழ்நாடு இதை முன்பே உணர்ந்திருந்தது என்பதைச் சொல்லாமல் போக மாட்டேன். 1997இல் நாடு முழுவதும் ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, இங்கே எல்லோருக்குமான ரேஷனே தொடர்ந்தது. 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையில் வேறொரு வழி. கார் வைத்திருப்பவர், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிய குடும்பம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீடு என்று உதவி தேவையில்லாதவர்களை விலக்கிவிட்டு மற்றவர்களைச் சேர்ப்பது. முதலிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் உள்ளே வந்தார்கள். விலக்கப்பட்டவர்களில் நியாயமான குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் 'நீ ஏழை என்று நிரூபி' என்பதைவிட 'இவர் பணக்காரர் என்று அரசு நிரூபிக்கட்டும்' என்பது மேல்.

4. வயதுச் சான்று

வயது ஆகிவிட்டதா, இந்நாட்டவரா? அவ்வளவுதான் கேள்வி. வேறொன்றும் கேட்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்த நாடுகளில் பல, வியப்பாக, செல்வத்தில் சிறந்தவை இல்லை. மொரீஷியஸ் 1958இல் வருமானச் சோதனையை நீக்கி முதியோர் எல்லோருக்கும் ஓய்வூதியம் என்றது. அப்போது அது கரும்பை நம்பிய காலனி. பொலிவியா 2008இல் எண்ணெய், எரிவாயு வரியிலிருந்து 60 வயதானோர் அனைவருக்கும் கொடுத்தது. நேபாளத்தில் 1990களின் நடுவில் பிரதமர் மன்மோகன் அதிகாரியின் அரசு 75 வயதானோருக்கு மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. இன்று 68 வயது, 4,000 நேபாள ரூபாய். நேபாளம் வயதைக் குறைத்துக்கொண்டே வர, மொரீஷியஸ் அரசு 2025இல் 60ஐ 65 ஆக்கப்போவதாக அறிவித்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் கிடைப்பதை எடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். ஏழைகளுக்கு மட்டும் கிடைப்பதைக் குறைத்தால் கேட்க ஆள் குறைவு.

இந்தத் தாளும் தூய்மையானது என்று சொல்ல வரவில்லை. நியூசிலாந்து 1898இல் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியத்தில் சீனர்களுக்கு இடமில்லை. நன்னடத்தைச் சோதனை வேறு. தென்னாப்பிரிக்காவின் 1928 ஓய்வூதியத்தில் கறுப்பின மக்களே இல்லை. 1944இல் குறைந்த தொகையோடு சேர்த்தார்கள். சமத் தொகை வர 1993 ஆயிற்று. அதே தென்னாப்பிரிக்கா 1998இல் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தொடங்கிய உதவித்தொகையைப் படிப்படியாகப் பதினெட்டு வயது வரை விரித்தது. இன்று 1.3 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பெறுகிறார்கள்.

இனி, தொகை. பரப்பு விரிவது ஒன்று, கையில் வருவது வேறு. சீனா 2009இல் கிராம மக்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது; அடிப்படைத் தொகை மாதம் 55 யுவான். இன்று ஓய்வூதிய அமைப்புகளில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். உலகில் இதற்கு இணை இல்லை. ஆனால் அந்த அடிப்படைத் தொகை 2024இல் 123 யுவான்தான். நகர ஊழியர் பெறுவதோ ஆயிரக்கணக்கில். ஈரான் 2010இல் எரிபொருள் மானியத்தைக் குறைத்து, ஆளுக்கு மாதம் 45,500 தோமான் ஏறக்குறைய எல்லோர் கணக்கிலும் போட்டது. பரப்பு கிட்டத்தட்ட முழுமை. தொகையோ ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. விலைவாசி அதைத் தின்று தீர்த்தது.

நம் கதையும் இதுவே. முதியோர் உதவித்தொகைக்கு 60 முதல் 79 வயதுவரை ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2006இல் 75லிருந்து 200 ஆக்கினார்கள். அதன் பிறகு அந்த எண் அசையவில்லை. 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய தமிழ்நாட்டில் இன்று 1,200 ரூபாய் வருகிறது என்றால், பெரும்பகுதியைச் சுமப்பது மாநிலம். 200 ரூபாய் பெறுபவரும் சதவீதக் கணக்கில் ஓர் ஆள். டென்மார்க்கின் முதியவரும் ஓர் ஆள்.

5. வேலை போனதற்குச் சான்று எது?

எல்லாப் பிரிவுகளிலும் மிகக் கீழே கிடப்பது வேலையின்மைப் பாதுகாப்பு. உலகில் வேலையில்லாதவர்களில் பணப்பயன் பெறுபவர்கள் 16.7 சதவீதம்தான். காரணம் எளிது. வேலை போனதை நிரூபிக்க முதலில் வேலை இருந்ததை நிரூபிக்க வேண்டும். காலையில் பால் ஊற்றி, பகலில் சித்தாள் வேலைக்குப் போய், மாலையில் பூக்கட்டும் பெண் எந்த வேலையை இழந்ததாக எழுதிக் கொடுப்பாள்?

டென்மார்க்கில் உறுப்பினர் சந்தா கட்டும் வேலையின்மை நிதிகள் உண்டு. உச்சவரம்புக்கு உட்பட்டு, பழைய ஊதியத்தில் 90 சதவீதம் வரை இரண்டு ஆண்டு கிடைக்கும். கூடவே பயிற்சியும் வேலை தேடித் தருதலும். ஆளை எளிதாக நீக்கலாம், நீக்கப்பட்டவர் பட்டினி கிடக்கமாட்டார். நம் ஊரில் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் இருக்கிறது.

தென்கொரியா வேலையின்மைக் காப்பீட்டை 1995இல் முப்பது பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கியது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்ததும், 1998 அக்டோபருக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் விரித்தது. ஐரோப்பா பல பத்தாண்டுகளில் கடந்த தூரம். பணம் குறைந்த நேரத்தில்தான் பரப்பு விரிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டே இல்லாத நாடுகள் கண்ட வழி, இழந்ததைக் கேட்காமல் வேலையையே கொடுப்பது. மகாராஷ்டிரத்தில் எழுபதுகளின் வறட்சியில் பிறந்த வேலை உறுதித் திட்டம் 1977இல் சட்டமானது. 2005இல் நாடு முழுவதற்குமான நூறு நாள் வேலைச் சட்டம் அதன் வழி வந்தது. எத்தியோப்பியாவும் அதே 2005இல் பொதுப்பணி வழியே உணவும் பணமும் தரும் திட்டத்தைத் தொடங்கி லட்சக்கணக்கானோரை எட்டியது. ஆண்டில் ஒரு நாள் வேலை பெற்றவரும் நூறு நாள் பெற்றவரும் ஒரே சதவீதத்தில் அடங்கிவிடுவது இங்கும் உண்டு.

6. எல்லை தாண்டினால்

மூன்று தாள்களும் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகின்றன. இதைச் சொல்லத் தமிழகத்தைவிடப் பொருத்தமான மேடை கிடையாது.

வளைகுடாவில் கட்டடம் கட்டும் நம் ஆட்களுக்கு அங்கே நெடுங்காலமாக இருந்தது பணிக்கொடை ஒன்றுதான்; அதையும் முதலாளி கொடுத்தால் உண்டு. ஓய்வூதியம் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு. ஓமன் 2023இல் கொண்டுவந்த சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பேறுகால விடுப்பு, விபத்துக் காப்பீடு, சேமிப்பு நிதி ஆகியவற்றுக்கு இடம் தந்திருக்கிறது. மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2019இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரின் விபத்துகளையும் ஏற்கிறது. பிலிப்பைன்ஸ் 2019இல் கடல் கடந்து வேலை செய்யும் தன் மக்களைத் தன் காப்பீட்டிலேயே கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டது.

இந்தியா என்ன செய்தது? சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் போட்டது. 2009இல் நடைமுறைக்கு வந்த பெல்ஜிய ஒப்பந்தத்தில் தொடங்கி, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க், தென்கொரியா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா என்று இருபதை ஒட்டிய நாடுகள். கணிப்பொறிப் பொறியாளர் ஒரு சான்றிதழைக் காட்டினால் அங்கே இரட்டைச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இரு நாட்டுப் பணிக்காலத்தையும் கூட்டி ஓய்வூதியம் பெறலாம். நல்ல ஏற்பாடு. அந்தப் பட்டியலில் வளைகுடா நாடு ஒன்றுகூட இல்லை. லட்சக்கணக்கில் நம்மவர்கள் உழைப்பது அங்கேதான். 'எங்களுக்கு என்ன செய்தீர்கள்?' என்ற இதே கேள்வியைத் திருப்பூரிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் நம்மிடம் கேட்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் வந்த பிறகும், நம் நலவாரியங்களில் அவர்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்?

முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடுகளின் சதவீதங்களை அடுக்கி வைக்கும் இன்னொரு ஆய்வேடு வேண்டாம். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் மிகுந்த ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைக் கடந்தவர்களிடம் அங்கே எத்தனை ஆண்டு உழைத்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், இங்கே முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது எந்தத் தாளைக் கேட்டார்கள் என்று எழுதி வாருங்கள். ஒன்றிய அரசு அடுத்து எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று கேட்பதற்கு அந்த எழுத்து பயன்படும்.